பேர் வைக்காத அத்தியாயம்

சுவரில் செருகியிருந்த வயரைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள் யுவராணி.

அந்தப் பிளக் பாயிண்ட் அவளுடைய லேப்டாப்புக்கு உரியது. பேட்டரி செத்துப்போன லேப்டாப், கரண்டை உருவினால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும். யாரும் தொடக் கூடாதென்று வீட்டில் சொல்லித்தான் வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், மாமியார் மொக்கம்மாள் திராட்சைக்கு மருந்தடிக்கிற மெஷினை அதில் சார்ஜுக்குப் போட்டிருக்கிறாள்.

திறந்து பார்த்தாள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைக் காணோம்.

நாளைக்கு அது மதுரையில் நெறியாளர் கையில் இருக்க வேண்டும். கெஞ்சி வாங்கிய தவணை நாளையோடு சரி. தவறினால் டாக்டர் பட்டமும் இல்லை, கோயம்புத்தூர்க் கல்லூரி தருவதாகச் சொன்ன வேலையும் இல்லை.

பட்டம் வந்தால் நிஜமாகவே கோயம்புத்தூர் போய்விடுவாயா என்று புருசன் ஈஸ்வரபாண்டி போன வாரம் சிரித்துக்கொண்டே கேட்டான். அவளும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள்.

முடிகிற வரைக்கும் எந்த அத்தியாயத்துக்கும் அவள் பேர் வைத்து சேவ் பண்ணியதில்லை. வயிற்றிலிருக்கிற பிள்ளைக்குப் பேர் வைத்தால் தங்காது என்பது மொக்கம்மாள் வாக்கு. இரண்டு தரம் தங்காமல் போனவளுக்கு அந்தப் பயம் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்திருந்தது.

இன்னொரு தைரியமும் உண்டு. ஓடைப்பட்டியில் கரண்ட் போகாத நாளில்லை. போய் வந்து திறந்தால், நான் இங்கனதான் இருக்கேன் என்கிற மாதிரி, எழுதினது தானாகத் திரையின் இடது பக்கம் வந்து நிற்கும்.

இன்றைக்கு இடது பக்கம் வெறிச்சென்று கிடந்தது.

வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். மருமகள் படிப்பது பொறுக்காத கண் என்றாள். பேரன் பெற்றுத் தரவில்லை என்கிற வஞ்சம் என்றாள். எழுத்தறியாத கைக்கு எழுத்தின் அருமை எங்கே தெரியும் என்றும் சொல்லிவிட்டாள்.

மொக்கம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. பழத்தில் சாம்பல் நோய் விழுந்தால் உன் எழுத்தையா பந்தலில் கட்டித் தொங்கவிட என்று திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் குரல் இறங்கி ஒன்று சொன்னாள்.

"நான் வரையிலேயே அந்தப் பொட்டி அணைஞ்சுதான் கெடந்துச்சு, ஆத்தா."

பொய் வேறயா என்று கதவை அறைந்து சாத்தினாள் யுவராணி.

ஈஸ்வரபாண்டி பெற்றவளைத்தான் வைதான். கிழவிக்குக் கூறு கிடையாது, சொன்னாலும் மண்டையில் ஏறாது என்றான். ஆத்தாளை அவன் ஒரு சொல் வைது யுவராணி அதுவரை கேட்டதில்லை. தனக்காகப் பேசுகிறானே என்று கண் கலங்கியது.

கூட வேலை பார்க்கிற மெர்லின் டீச்சர் ராயப்பன்பட்டியிலிருந்து போனில் வழி சொன்னாள். ஃபைலுக்குள் போ, இன்ஃபோவுக்குள் போ, சேவ் பண்ணாததை மீட்கிற இடம் ஒன்று இருக்கும் பார் என்றாள்.

இருந்தது. அதற்குள் பேரில்லாத ஒன்றும் இருந்தது. திறந்தாள். கடைசி வரி வரைக்கும் அப்படியே கிடந்தது.

மெர்லின், மாதாவுக்கு நன்றி சொன்னாள். கையோடு திட்டவும் செய்தாள். கரண்ட் போயிருந்தால் அது தானாக முன்னால் வந்திருக்குமாம். மூடும்போது சேவ் பண்ணவா என்று அது கேட்டு, வேண்டாம் என்று ஆள் அழுத்தினால்தான் இத்தனை ஆழத்தில் போய்க் கிடக்குமாம். இனிமேல் பார்த்து அழுத்துடி என்றாள்.

காலையில் திறந்தபடி வைத்துவிட்டுத்தான் யுவராணி பள்ளிக்கூடம் போனாள்.

மொக்கம்மாளுக்கு இங்கிலீஷில் வேண்டாம் என்பதைப் படிக்கத் தெரியாது.

கிடைத்ததா என்று வாசற்படியிலிருந்து ஈஸ்வரபாண்டி கேட்டான். அவள் திரையைப் பாதி சாய்த்தாள்.

"கிடைக்கல."

உள்ளே வந்து தோளில் கை வைத்தான். போகுது விடு, எல்லாம் ஒரு நல்லதுக்குத்தான் என்றான். டீ போட்டுக் கொண்டு வருகிறேன் என்று போனான். கல்யாணமானதிலிருந்து அவன் அடுப்பு பற்றவைத்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே மொக்கம்மாள் முற்றத்தில் கிடந்த வயரை எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படியில் அவன் சீட்டி அடிப்பது கேட்டது.

யுவராணி திரையை நிமிர்த்தி சேவ் பட்டனை அழுத்தினாள். அது பேர் கேட்டது.

கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு தன் பேரை அடித்தாள்.