காற்று திரும்பும் நேரம்

"இன்று கீழே இறங்க வேண்டாம். காற்று திரும்பப் போகிறது."

வழிகாட்டி சுமியாத்தி அவனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மூவரும் எரிமலையின் விளிம்பில் நின்றிருந்தார்கள். விடிந்ததிலிருந்து ஏறி வந்திருந்தார்கள். கீழே பெரும் பள்ளம். அதன் அடியில் ஏரி. பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். கரையின் ஒரு மூலையிலிருந்து எழுந்த கந்தகப் புகை, அவர்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

அவன் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவன். மலாய் படித்தவனுக்கு ஜாவாக்காரி பேசும் இந்தோனேசிய மொழி நன்றாகவே புரியும். கும்பகோணத்திலிருந்து அவனைக் கட்டிக்கொண்டு வந்த தாரிணிக்கு ஒரு சொல்லும் புரியாது.

"என்ன சொல்றாங்க?" என்றாள் தாரிணி.

அவன் ஏரியைப் பார்த்தான்.

அவன் அலுவலகத்திலிருந்து இங்கே வந்துபோனவர்கள் எல்லாரும் அந்தக் கரையில் நின்று படம் எடுத்திருந்தார்கள். விளிம்போடு திரும்பியவன் ஒருவனும் இல்லை.

"பாத்து இறங்கச் சொல்றாங்க. வழுக்குமாம்."

தாரிணி தயங்கினாள். "இங்கேருந்தே நல்லாத்தானே தெரியுது?"

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

சுமியாத்தி மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான். சிரித்தபடி, மலாயில்.

"நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். என் மனைவி பிடிவாதக்காரி. கேட்கமாட்டாள்."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தனியாக விட மனமில்லாமல், சுமியாத்தி இருவருக்கும் முகமூடியை இறுக்கிக் கட்டிவிட்டுப் பின்னாலேயே இறங்கினாள்.

பாதி வழியில் காற்று நின்றது.

பிறகு திரும்பியது.

புகை வெள்ளையாக வந்தது. நீட்டிய கை தெரியவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. முகமூடிக்குள்ளும் தொண்டை எரிந்தது.

கற்கள் சரியும் சத்தம் கேட்டது.

"என்னங்க!"

ஒரே தடவைதான். பிறகு இருமல். பிறகு அதுவும் இல்லை.

அவன் மண்டியிட்டுத் துழாவினான். கல். இன்னொரு கல். எங்கும் கல்.

புகை கலைந்தபோது நிமிர்ந்து பார்த்தான். சுமியாத்தி தாரிணியை முதுகில் சுமந்துகொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தாள். விழுந்ததில் தாரிணியின் முகமூடி கழன்றுபோயிருந்தது. அவள் முகத்தில் இப்போது இருந்தது சுமியாத்தியுடையது.

கந்தகம் ஏற்றும் கைவண்டியில் தாரிணியைப் படுக்கவைத்து மலையிறக்கினார்கள். அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டே நடந்தான். கண் விழித்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். எப்படித் தொடங்குவது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டான்.

ஒரு திருப்பத்தில் தாரிணி கண் விழித்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல" என்றான்.

அடிவாரத்தில் சின்ன மருத்துவமனை. தாரிணிக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, நுரையீரல் தேற நாளாகும் என்றார் டாக்டர். பக்கத்து பெஞ்சில் சுமியாத்தி ஈரத்துணியால் கண்களை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருமல் வரும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு கொஞ்சம் சீரானதும் தாரிணி முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியை விலக்கினாள். குரல் எழும்பவில்லை. காற்றாகத்தான் வந்தது.

"அவங்ககிட்ட கேளுங்க. ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் நம்மகிட்ட சொல்லல?"

அவன் அவள் போர்வையை இழுத்துவிட்டான்.

"கேளுங்க. நாளைக்கு வேற யாரையாவது இப்படிக் கூட்டிட்டுப் போவாங்க. புகார் கொடுத்துட்டுத்தான் கிளம்பணும்."

அவன் சுமியாத்தியின் பக்கம் திரும்பினான். அவள் துணியை இறக்கினாள். கண்கள் ரத்தமாகச் சிவந்து வீங்கியிருந்தன.

"நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறாள்" என்றான்.

சுமியாத்தியின் முகம் இளகிவிட்டது.

"அவள்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள். சின்ன வயசு, ஆசை இருக்கும்தானே. நான்தான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்."

முதலில் சொன்னதையெல்லாம் அவன் விட்டுவிட்டான். கடைசி வாக்கியத்தை மட்டும் ஒரு சொல்கூட மாற்றாமல் சொன்னான்.

"'நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கணும்'னு சொல்றாங்க."

தாரிணி சுமியாத்தியைப் பார்த்தாள். அந்தக் கண்களை. கற்களில் உரசிக் கிழிந்துபோன முழங்காலை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கையை நீட்டினாள்.

சுமியாத்தி எழுந்து வந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள்.

"தப்புன்னு ஒத்துக்கிட்டாங்களே, அது போதும். புகாரெல்லாம் வேண்டாம்" என்றாள் தாரிணி. "நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க."

சுமியாத்தியும் அவனைத்தான் பார்த்தாள். சொல்வான் என்று காத்திருந்தாள்.

மன்னிப்புக்கு மலாயில் சொல் உண்டு. பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

"அதுக்கு எனக்கு வார்த்தை தெரியல" என்றான்.