கறுப்பாக இருந்தால் காக்கையா?

கூடு கட்ட இடம் தேடி வேப்பமரத்துக்கு வந்தது ஒரு கரிச்சான் குருவி. கீழ்க்கிளையில் இரண்டு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்த புறா அதைப் பார்த்துப் படபடவென்று சிறகடித்தது.

“காக்கைக்கு இங்கே இடமில்லை. முட்டையைத் தின்னத்தானே வந்தே?”

கரிச்சானுக்குச் சுருக்கென்றது. “அக்கா, நான் கரிச்சான். என் வாலைப் பாருங்க, மீன்வால் மாதிரி பிளந்திருக்கு.”

“கறுப்பெல்லாம் ஒண்ணுதான். போ.”

அந்த நேரம் நிஜக் காக்கையே வந்து உட்கார்ந்தது. “தம்பி, நீயும் கறுப்பு, நானும் கறுப்பு. முட்டை ஆளுக்கு ஒண்ணு, சரிதானே?” என்றது.

கரிச்சானுக்கு இப்போது இரண்டு மடங்கு கோபம். தன்னைவிடப் பெரிய காக்கையின் முதுகில் கொத்திக்கொண்டே வயல் தாண்டும்வரை துரத்திவிட்டு, நெஞ்சை நிமிர்த்தித் திரும்பி வந்தது.

“மேல்கிளையிலே கட்டிக்கோ தம்பி,” என்றது புறா. “பேரு என்ன சொன்னே?”

“கரிச்சான். இனிமே நிம்மதியா அடைகாக்கலாம், மாடப்புறா அக்கா.”

புறா கழுத்தை நீட்டி நிமிர்ந்தது.

“மாடப்புறா கோபுரத்திலே இருக்கும். நான் புள்ளிப்புறா. கழுத்திலே முத்து முத்தா இருக்கே, கண் தெரியலையா உனக்கு?”