கிரகணத்துக்கு நாலு வாக்கியம்

இந்தக் காலத்து வாத்தியார்களுக்குக் கையில் ஒரு சிவப்புப் பேனா கிடைத்தால் போதும், பிள்ளைகளின் தலையெழுத்தையே மாற்றி எழுதிவிடுகிறார்கள். பெரியவர் அப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார். ஒரு கையில் பேத்தி, மறு கையில் அவளுடைய நோட்டு.

நாற்பது வருஷம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பேத்தியின் பொடி எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தின் குறுக்கே கொட்டையாக எழுதியிருந்த ஒரே சொல்தான் பிடிபட்டது. பொய்.

"மகனுக்கு வேலை. மருமகளுக்கு ரெண்டு நாளா உடம்பு முடியல. அதான் நான் வந்தேன்" என்றபடி நோட்டை டீச்சரின் மேஜைமேல் விரித்துவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "தப்புன்னு போடுங்க, முட்டை போடுங்க. பொய்னு எப்படிப் போடலாம்? ஒம்பது வயசுப் புள்ள. நாளைக்கு இவ வாயைத் திறந்தா எவன் நம்புவான்?"

"கோவப்படாதீங்க ஐயா."

"அந்த வார்த்தையை எடுங்க டீச்சரம்மா. அதுவரைக்கும் நான் இங்கிருந்து நகர மாட்டேன்."

டீச்சர் சிரித்துவிட்டாள். "கிரகணம்கிற சொல்லைச் சரியா வெச்சு நாலு வாக்கியம் எழுதச் சொன்னேன். உங்க பேத்தி எழுதினதைக் கேளுங்க. 'எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் கிரகணம் பிடிக்கும்.' வருஷத்துக்கு நாலு வந்தாலே பெரிசு!"

"சின்னப் புள்ள. கிழமை தெரியாம எழுதியிருக்கும்."

"எனக்குத் தெரியும் தாத்தா" என்றாள் பேத்தி, விறைப்பாக. "அம்மாதான் சொல்லுவாங்க. கிரகணம் வந்துடுச்சு, உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கோன்னு."

டீச்சர் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

"அடுத்தது. 'கிரகணத்தின்போது வெளியே பாத்திரங்கள் உருளும்.' நல்லா இருக்கா? இன்னொண்ணு. 'கிரகணம் முடிந்த மறுநாள் அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார்.' ஏண்டி, கிரகணத்தைப் பார்க்கிறப்போதானே கண்ணாடி? மறுநாள் எதுக்குக் கண்..."

டீச்சரின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. நான்காவது வாக்கியத்தை அவள் எழுத்துக்கூட்டுகிறவள் மாதிரி மெதுவாகப் படித்தாள்.

"'கிரகணம் விடும்வரை தாத்தா டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்.'"

பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். பெரியவர் அதைக் கவனமாகக் கேட்பவர் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். புள்ள பார்த்ததைத்தான் எழுதியிருக்கு. இந்த வார்த்தையை இப்பவே எடுத்துடறேன் ஐயா. ஆனா அவங்க அம்மாவை நான் பார்க்கணும். இன்னிக்கே. உங்க மகன் வீட்டுல இல்லாத நேரமா."

பேத்தியின் முகம் மலர்ந்தது. "பார்த்தியா தாத்தா, நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்!"

பெரியவர் எழுந்தார். ஒரே மகன். குடிக்காத நாளில் தங்கமானவன். அவன் வீட்டுச் சோற்றில்தான் அவருடைய மீதிக் காலமும் ஓடவேண்டும்.

பாடம் நடத்துங்கள் என்று அனுப்பினால் ஊரார் வீட்டு அடுப்பைக் கிளற வருகிறார்கள். எந்த வீட்டில்தான் இல்லை இது? நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, பேத்தியின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தபடி வாசலுக்கு நடந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அந்த வார்த்தை அப்படியே இருக்கட்டும் டீச்சரம்மா. புள்ள பொய்தான் சொல்லுது."