அய்யம்பெருமாள் மூக்கு

"அதே மூக்கு! எங்கப்பா அய்யம்பெருமாள் மூக்கேதான், செதுக்கி வச்சாப்புல!"

பச்சிளங்குழந்தைப் பிரிவின் கண்ணாடியில் தன் மூக்கு நசுங்க நின்றபடி அனுசுயா இதைச் சொல்வது காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. திருமானூரில் எந்த வளைகாப்புக்குப் போனாலும் வயிற்றைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று தீர்ப்புச் சொல்பவள். அதில் பாதிக்கு மேல் தப்பாய்ப் போனதை அவள் காதுபட யாரும் பேசுவதில்லை.

தம்பி கோகுலகிருஷ்ணன் சிங்கப்பூரில். அவன் மனைவி பூவிழி ஆபரேஷன் முடிந்து, எழுந்து நடக்க முடியாமல் மாடி வார்டில். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்ட பையன். பிழைப்பானா என்று இருவரும் துடிக்க, சேதி சொல்லும் வேலையை அனுசுயா தானாகவே எடுத்துக்கொண்டாள்.

முதல் நாளே நர்ஸ் சசிகலா கேட்டாள்: "உங்க புள்ள எந்தக் கண்ணாடிப் பெட்டில இருக்குன்னு காட்டட்டுமாம்மா?"

"எங்க ரத்தத்த எங்களுக்கே காட்டுறியா?" நர்ஸ் உள்ளே போய்விட்டாள்.

அந்த மூக்குக் குழந்தைக்குப் பக்கத்துப் பெட்டியில் எலிக்குஞ்சு மாதிரி இன்னொரு குழந்தை. உடம்பெல்லாம் குழாய். விக்கிரமங்கலத்திலிருந்து கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்த சம்பூர்ணம், மூன்று நாளாகக் கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு புள்ளம்மா?" என்றாள் அனுசுயா.

"எந் தங்கச்சிக்குப் பொறந்திருக்குக்கா."

"மனசத் தேத்திக்க. எனக்கென்னமோ தேறும்னு தோணல."

"இல்லக்கா, அது வந்து..."

"செத்த சும்மா இரு, தம்பி லைன்ல வரான்."

அப்போதுதான் எலிக்குஞ்சின் பெட்டி கத்த ஆரம்பித்தது. உள்ளே நர்சுகள் ஓடினார்கள், டாக்டர் ஓடினார். சம்பூர்ணம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நம்மளுது இல்லடா, பக்கத்துப் புள்ள" என்றாள் அனுசுயா போனில். "நம்ம பய ஜம்முனு தூங்குறான்."

ஒரு வழியாகச் சத்தம் ஓய்ந்தது. வியர்த்து வழிய வெளியே வந்தாள் சசிகலா.

"பூவிழி குழந்தைக்கு யாரு? மூச்சு நின்னுடுச்சும்மா. இப்பத் திரும்ப விடுறான். டாக்டர் கூப்பிடுறாரு, வாங்க."

"ஐயய்யோ, அந்தப் புள்ள இவ வூட்டுதுல்ல?"

"யாரு சொன்னா? அது உங்களுது. நீங்க கொஞ்சிக்கிட்டு இருக்கிறது பொம்பளப் புள்ளம்மா!"

போனுக்குள் தம்பி, "அக்கா? அக்கா?" என்று கத்திக்கொண்டிருந்தான். அனுசுயா மெதுவாகச் சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஒந் தங்கச்சி புள்ள?"

"நீங்க பாத்துக்கிட்டிருந்ததுதாங்க்கா."

"பொறவு எதுக்குடி மூணு நாளா இதையே பாத்துக்கிட்டு நின்ன?"

"அதப் பாக்கத்தான் யாருமே வரலையேக்கா."