கடைசி ஜோடி இறக்கை

போலகத்தில் அறுப்பு முடிந்த வயல். இஞ்ஞாசியின் கையில் ரிமோட் பெட்டி. பிரான்சிலிருந்து மகன் அனுப்பிய குட்டி ஹெலிகாப்டர் இடுப்பு உயரத்தில் நின்று இரைந்தது.

“இறக்கையோட சாய்வைக் குறைச்சிடாதீங்க, இறங்கிடும். இப்ப மெதுவா நம்ம பக்கம் திருப்புங்க” என்றாள் அவர் மனைவி சலோமி. அவள் காரைக்கால் கான்வென்டில் டிரில் டீச்சர்.

அதன் மூக்கு அவர் பக்கம் திரும்பியதும் ஹெலிகாப்டர் வலப்புறம் நழுவியது. இஞ்ஞாசி பதறிப்போய்ப் பெட்டியிலிருந்த குச்சியை இடப்புறம் தள்ளினார். அது இன்னும் வலப்புறமே பாய்ந்து வரப்பில் மோதியது.

“போச்சா! மூணு தடவை உடைச்சாச்சு. இருக்கறது கடைசி ஜோடி. பிரான்சுலேருந்து தம்பி அடுத்த வருஷம் வந்தாத்தான் வேற. குடுங்க இப்படி.”

இறக்கையை மாற்றிவிட்டுச் சலோமி பெட்டியை வாங்கினாள். ஹெலிகாப்டர் எழும்பி, அவளைப் பார்த்துத் திரும்பி, அப்படியே நின்றது.

வயலுக்குச் சொந்தக்காரர் தெட்சிணாமூர்த்தி வாயைப் பிளந்தார். “எப்படி டீச்சர்?”

“பிள்ளைங்களைப் பார்த்து நின்னுக்கிட்டு, வலதுன்னு சொல்லி என் இடது கையைத்தானே தூக்குறேன்? இதுவும் நம்மளப் பார்த்துத் திரும்பிட்டா, அதுக்கு இடது நமக்கு வலது. அந்தப் பழக்கந்தான்.”

“சாருக்கு மெஷினுன்னாலே ஆகாது போலிருக்கு. சைக்கிளாவது ஓட்டுவாரா?”

சலோமி சிரித்துவிட்டாள். “பிரெஞ்சு பட்டாளத்துல இருபது வருஷம் நெஜ ஹெலிகாப்டர் ஓட்டுனவருங்க இவரு!”

தெட்சிணாமூர்த்தி திகைத்துப்போய் இஞ்ஞாசியைப் பார்த்தார்.

“அதுல நான் உள்ள உக்காந்திருந்தேங்க” என்றார் இஞ்ஞாசி. “இருபது வருஷத்துல ஒருநாள்கூட அது திரும்பி என் மூஞ்சியப் பார்த்ததில்ல!”