வரிசையில் முந்திய மாமியார்

“என்னை முதல்ல பாருங்க டாக்டரு. ரெண்டு நாளா வயிறு வலிச்சிக்கினே இருக்குது.”

மருமகளை ஒதுக்கிவிட்டு ஸ்கேன் அறைக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள் கெங்கம்மாள்.

அம்சவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திண்டிவனத்து டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்து, “ஈரல்ல கட்டி தட்டுப்படுது. கேன்சரா இல்லையானு ஸ்கேன்ல தெரிஞ்சிடும்” என்று விழுப்புரத்தில் புதிதாகத் திறந்த இந்த இடத்துக்கு அனுப்பியிருந்தார். பொட்டுத் தூக்கமில்லை அவளுக்கு. துணைக்கு வந்த மாமியாருக்கு இங்கே வந்ததும் வலியாம். பஸ்ஸில் வறுத்த மல்லாட்டையை உடைத்து உடைத்துக் கொறித்தபோது எங்கே போயிருந்ததோ அந்த வலி.

நர்ஸ் முகம் சுளித்தாள். “பேஷண்ட் யாரு, இவங்களா அவங்களா?”

“யாரா இருந்தா என்னம்மா, ஜல்தியா பாத்தனுப்புங்க.”

ஸ்கேன் டாக்டர் குனிந்து ஏதோ கேட்டார். கெங்கம்மாள் அவர் காதில் முணுமுணுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே பசையைத் தடவி, கருவியை வயிற்றில் ஓட்டினார்.

“உங்க ஈரல் சலிச்ச கேப்பை மாவாட்டம் சீரா இருக்கும்மா. எழுந்திருங்க.”

கெங்கம்மாள் துள்ளி இறங்கினாள். “போ அம்சா, இப்ப நீ படு.”

படுத்தாள். அந்தக் காலத்துப் பஞ்சாயத்து டிவி மாதிரி கறுப்பு வெள்ளையில் ஓடிய திரையில், சாம்பல் நிறத்துக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு வட்டம். அம்சவள்ளி அதை விரலால் காட்டினாள்.

“அதுதானா டாக்டர்?”

“கேன்சர்னா பெரும்பாலும் உள்ள வெளுப்பும் கறுப்புமா திட்டுத்திட்டா தெரியும். ஓரமும் கோணல்மாணலா இருக்கும். இது முழுக்கக் கறுப்பு, ஓரம் வளையலாட்டம் சுத்தமா இருக்குது. இந்த மிஷின் ஒலியை அனுப்பித்தான் பாக்குது; தண்ணியில இருந்து எதிரொலி வராது, அதான் கறுப்பா தெரியுது. வெறும் நீர்க்கட்டிம்மா. ஆபரேஷன்கூட வேணாம்.”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு. கதவோரம் நின்று கேட்ட கெங்கம்மாள், வெளியே காத்திருந்தவர்களிடம், “தண்ணிதானாம், வெறும் தண்ணிதானாம்” என்று சொல்லிக்கொண்டு போவது கேட்டது.

அப்போதும் கோபம் முழுசாகத் தணியவில்லை. “எங்க அத்தையோட வயித்து வலிக்கும் ஒரு மாத்திரை எழுதிடுங்க டாக்டர்” என்றாள் இடக்காக.

“அவங்களுக்கு ஏதும்மா வலி? ‘இந்த மிஷின்ல கரண்டு அடிக்கும்ங்கறாங்க, எம் மருமவளுக்கு வெக்கறதுக்கு முன்னாடி எனக்கு வெச்சிப் பாத்துடுங்க’ன்னு காதுல சொன்னாங்க.”