கோடு போட்ட வார்த்தை

முன்பெல்லாம் பெண் கேட்டு வருகிறவன் நிலத்தைச் சொல்வான், மாட்டைச் சொல்வான். இப்போது இங்கிலீஷ் காகிதத்தை நீட்டுகிறான். அதையும் நாலு பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள்.

திம்மராயன் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. காகிதத்தோடு நேரே தேன்கனிக்கோட்டை தபாலாபீசுக்கு வந்துவிட்டார்.

ஓசூர்ப் பக்கம் ஒரு துரையின் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன் சென்றாயன். லாயத்தைக் காலி செய்து துரை சீமைக்குக் கிளம்பிய அன்று, அவன் கையில் கொடுத்துப்போன சர்டிபிகேட்டாம் அது. சென்றாயனுக்குப் படிப்பு வாசனை கிடையாது. பஸ் கண்டக்டர் ஒருத்தன் எழுத்துக்கூட்டி, ஒரே ஒரு வார்த்தைக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருந்தான். அந்த வார்த்தை போதும், கண்ணை மூடிக்கொண்டு பெண்ணைக் கொடுக்கலாம் என்று தரகன் எல்லப்பன் சத்தியம் செய்தான்.

காகிதத்தின் தலையில் ஆணித் துளை, சுற்றிலும் துரு. சர்டிபிகேட்டை எவனாவது ஆணியில் அடிப்பானா என்று அதிலேயே திம்மராயனுக்குச் சந்தேகம்.

வீட்டு விஷயம் ஊர் வாயில் விழக் கூடாது. கோடு போட்ட வார்த்தை மட்டும் தெரிகிற மாதிரி மடித்து நீட்டினார்.

"சியர்ஃபுல்," என்றார் போஸ்ட்மாஸ்டர். "எப்பவும் மலர்ந்த முகம்னு அர்த்தம். சும்மா பல்லைக் காட்டுறவனுக்குச் சொல்றதில்லை. சொன்ன வேலையை முகம் சுளிக்காம செய்யணும்." ஆளுக்கு மட்டுமல்ல, வெளிச்சமான அறைக்கும் அதைச் சொல்வதுண்டு என்று பாடம் நீண்டது.

திம்மராயனின் முகம் கறுத்தது. பெண் பார்க்க வந்த அன்று சென்றாயன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அந்த அடக்கம்தான் அவருக்குப் பிடித்திருந்தது, மகள் ருக்மணிக்கும் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றுவதாக இருந்தது.

"துரைகிட்ட ஒரு மூஞ்சி, எங்க வீட்ல ஒரு மூஞ்சியா? ரெண்டு மூஞ்சிக்காரனுக்கு எம் பொண்ணு இல்லை சாமி."

தரகன் வந்தால் கொடுத்துவிடச் சொல்லிக் காகிதத்தை மேஜையில் போட்டுவிட்டுப் படியிறங்கினார். போஸ்ட்மாஸ்டர் மடிப்பைப் பிரித்து மீதியைப் படித்தார். நில்லுங்கள் என்று வாசல்வரை ஓடி வந்தார்.

இன்னும் என்ன எழுதியிருந்தாலும் இங்கிலீஷை நம்புவதாக இல்லை என்று திம்மராயன் திரும்பாமல் நடந்துகொண்டிருந்தார்.

"பெரியவரே, நாலு காலுக்கும் லாடம் புதுசுன்னு போட்டிருக்குது."